நூறு ரூபாய் வெட்டு

"ஏ அப்பு, நம்ம பாலத்துக்கு வாற காசுல நூறு ரூபாயை வெட்டச் சொன்னியாமே, நெசமா?"

பஸ்ஸை விட்டு இறங்கிய கால் தரையில் ஊன்றுவதற்குள் ஒச்சம்மாள் கிழவியின் கேள்வி வந்து விழுந்தது. சட்டசபை உறுப்பினர் பொன்னுத்துரை ஒரு கையில் தோல்பையும் மறு கையில் துண்டுமாக அப்படியே நின்றுவிட்டார். சாணார்பட்டிச் சாலையில், சௌகத் அலியின் டீக்கடை முன்னால் ஊரே திரண்டிருந்தது. பஸ் ஜன்னல் வழியாக அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, வரவேற்பாக்கும் என்று தலையை வாரிக்கொண்டதை நினைக்க அவருக்கே இப்போது வெட்கமாக இருந்தது.

"யாரு சொன்னது?"

"பேப்பரே சொல்லுதே!" என்றார் சௌகத் அலி. கடையில் பத்திரிகையை உரக்கப் படித்துக் காட்டுவது அவர் வழக்கம். "ரோடு, பாலத்துக்கு ஒதுக்குன பணத்துல நூறு ரூபாயைக் குறைக்கணும்னு பொன்னுத்துரை வெட்டுப் பிரேரணைன்னு போட்டிருக்கான். கண்ணாடியைத் தொடச்சுப் போட்டுக்கிட்டும் படிச்சுப் பார்த்துட்டேன். அதேதான் இருக்கு."

"பாலம் கொண்டாறேன்னு சொல்லித்தானே ஐம்பத்தேழுல எங்க ஓட்டை வாங்குன?" என்று பாய்ந்தார் மொக்கைச்சாமி. "ஓடையில தண்ணி வந்துட்டா எம் பூவு திண்டுக்கல் போய்ச் சேராம கூடையிலேயே வாடுது. நீ என்னடான்னா இருக்கிறதையும் வெட்டுறே!"

மொக்கைச்சாமியின் சத்தத்தைப் பொன்னுத்துரை தாங்கிக்கொள்வார். ஒச்சம்மாள் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. போன ஐப்பசியில் அவள் மகளுக்குப் பிரசவ வலி கண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய வண்டி, ஓடையில் வெள்ளம் வடியட்டும் என்று கரையிலேயே காத்துக் கிடந்தது. வெள்ளம் வடிந்தது, பிள்ளை தங்கவில்லை.

"ஆத்தா, செத்த நான் சொல்றதைக் கேளு," என்றார் பொன்னுத்துரை. "அது அங்க உள்ள நடைமுறை. மந்திரி இன்ன செலவுக்கு இம்புட்டுப் பணம் வேணும்னு கேப்பாரு. அதுல நூறு ரூபாயைக் குறைங்கன்னு எழுதிக் குடுத்தாத்தான் அந்தச் செலவைப் பத்தி நம்மளைப் பேச விடுவாங்க. பேருக்குத்தான் வெட்டு. கடைசியில ஒரு தம்பிடியும் குறையாது."

"பணம் வேணும்னு கேக்கிறதுக்கு, பணத்தைக் குறைன்னு எழுதிக் குடுக்கணுமாக்கும்?"

"ஆமா ஆத்தா."

"அம்புட்டுப் பேரு படிச்சவுக உக்காந்துக்கிட்டா இப்பிடிப் பண்றீக?"

"நானும் மொதல்ல முழிக்கத்தான் செஞ்சேன். அந்த நூறை எஞ் சம்பளத்துல பிடிச்சுக்கிருவாங்களோன்னு ராத்திரி தூக்கமே வரலை."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சௌகத் அலி பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, கேட்காமலே ஒரு டீயை நீட்டினார். மொக்கைச்சாமியின் குரலில் மரியாதை திரும்பி வந்திருந்தது.

"அப்ப நம்ம பாலத்தைப் பத்தி அங்க என்னதான் பேசுறது? எங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் காட்டுங்களேன்."

பொன்னுத்துரை டீயைக் குடித்து முடித்தார். துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார். டீக்கடை பெஞ்சின் மேல் ஏறி நின்றார்.

"கனம் சபாநாயகர் அவர்களே!"

கூட்டம் பெஞ்சை நெருங்கி வந்தது.

"இந்த வரவு செலவுத் திட்டத்தில் கோடிகளைப் பார்க்கிறேன். எங்கள் ஓடையை எந்தப் பக்கத்திலும் பார்க்க முடியவில்லை. பட்டணத்து ஆபீஸ்களின் திரைச்சீலைக்கு ஒதுக்கிய பணத்தில் எங்களுக்கு ஒரு சின்னப் பாலம் வராதா? எங்கள் ஊர்க்காரன் தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிறான். அந்த வரியில் அவனுக்கு நீங்கள் திருப்பிக் கொடுத்தது என்ன? பிறந்த பிள்ளை ஒன்று கரையிலேயே கண்ணை மூடியதே, அதை எந்தச் செலவில் சேர்த்திருக்கிறீர்கள்? அமைச்சர் பதில் சொல்லட்டும்!"

குரல் ஏற வேண்டிய இடத்தில் ஏறியது, தழதழக்க வேண்டிய இடத்தில் தழதழத்தது. ஒரு வார்த்தை தடுமாறவில்லை. அவர் முடித்தபோது எழுந்த கைதட்டலில் மொக்கைச்சாமியின் வண்டிமாடுகள் மிரண்டன. ஒச்சம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மந்திரி என்ன சொன்னாரு?" என்றார் சௌகத் அலி.

"எந்திரிச்சு எனக்கு நன்றி சொன்னாரு."

"சொல்லாம என்ன செய்வாரு!" மொக்கைச்சாமி தன் கூடையிலிருந்த மல்லிகைச் சரத்தில் நாலு முழம் எடுத்து அவர் கழுத்தில் போட்டார். "இப்பேர்ப்பட்ட மனுசனை நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசிட்டமே!"

ஒச்சம்மாள் வந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "எம் பேரன் போனது போயிட்டான். அடுத்த பிள்ளைக்காச்சும் பாலம் வந்துரும்யா. நீ வெட்டச் சொல்லியிருப்பேன்னு நெனச்சேன் பாரு, என்னையச் செருப்பாலதான் அடிக்கணும்."

அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் பொன்னுத்துரைக்கு இல்லை. பூமாலை கழுத்தை அறுத்தது.

சட்டசபையில் சபாநாயகர் பெயரைச் சொல்லி அழைத்ததும் அவருக்கு மனப்பாடம் செய்த பேச்சில் ஒரு வார்த்தைகூட வாயில் வராமல், "எனக்கு முன்னால் பேசிய உறுப்பினர் சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார். பதற்றத்தில் காதில் வாங்காத அந்த உறுப்பினரின் பேச்சு என்னவென்று பக்கத்து இருக்கைக்காரர் சொல்லித்தான் பிறகு தெரிந்தது: கிராமத்து ஓடைகளுக்கெல்லாம் பாலம் கட்டும் வீண்செலவை அரசாங்கம் உடனே நிறுத்த வேண்டும்.