எள்ளுத்தாத்தாவுக்கு ஒரு நாற்காலி

அந்த அடுக்ககத்தில் எல்லார் வீட்டுக் கூடத்திலும் ஒரு மூதாதையர் உலவிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்குப் படைத்தளபதி, மாடிவீட்டுக்கு அரண்மனைப் புலவர். அந்தக் காலத்தில் நாற்று நட ஒரு ஆள்கூட இருந்திருக்கமாட்டார் போலிருக்கிறது.

தமிழ்வேந்தனும் முன்னோரை ஒளியுருவாக எழுப்பித்தரும் நிறுவனத்துக்கு ஒரு சொட்டு ரத்தம் கொடுத்துத் தன் எள்ளுத்தாத்தாவை வரவழைத்தான். அவர் உட்காரத் தேக்கு நாற்காலிகூட வாங்கிப் போட்டிருந்தான். அவர் வாயால் ஒருமுறை 'பேராண்டி' என்று கூப்பிடவேண்டும், அவ்வளவுதான் ஆசை.

கூடத்தில் ஒளி திரண்டது. கீழத்தஞ்சைப் பண்ணையொன்றில் கூலிக்கு ஏர் ஓட்டிய காத்தான், முழங்கால் சேற்றோடு வந்து நின்றார். சோபாவையும் வேந்தனின் வெள்ளைச் சட்டையையும் பார்த்தார். சட்டென்று தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"உக்காருங்க தாத்தா. நான் உங்க எள்ளுப்பேரன்."

"கேலி பண்ணாதீங்க ஆண்டே. நான் இப்படியே நிக்கிறேங்க."

"ஐயோ, பண்ணையாரைக் கூப்பிடுற மாதிரி கூப்பிடாதீங்க தாத்தா! நான் உங்க ரத்தம்."

காத்தான் இன்னும் குனிந்தார். வேறு வழி தெரியாமல், வேந்தன் அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

காத்தான் முதுகைக் காட்டாமலே பின்வாங்கி, வாசலுக்கு வெளியே போய் நின்றார்.

"நான் என்ன தப்பு பண்ணேங்க ஆண்டே?"