ஐந்தாவது தட்டு

பிறந்து பதினெட்டு நாளான குழந்தைக்கு அண்ணத்தில் பிளவு. குடித்த பால் மூக்கு வழியாக வந்துவிடுவதால் எடை ஏறவில்லை. பிளவை மூடும் தட்டுகளை நான்தான் கணினியில் வடிவமைத்தேன். குழந்தையின் ஊர் தூரம் என்பதால், ஒரே ஸ்கேனை வைத்து மாதத்துக்கு ஒன்றாக ஐந்து தட்டுகள். முதலாவது மட்டுமே அவன் வாயின் அளவு. மற்ற நான்கும் வேறு குழந்தைகள் வளர்ந்த அளவை வைத்துப் போட்ட கணக்கு. நான் படித்த மாலை வகுப்பில் கற்றுத்தந்த முறை அதுதான் என்றாலும் மூன்று முறை சரிபார்த்தேன்.

முதல் தட்டைப் பொருத்தியதும் குழந்தை குடித்தது. அவன் அம்மா பூங்காவனம் முந்தானையால் அவன் மூக்கைத் துடைத்துப் பார்த்தார். ஈரமில்லை. கையில் கொடுத்த மீதி நான்கு தட்டுகளையும் மேசைமேலேயே திரும்ப வைத்துவிட்டார்.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போம்மா. மாசாமாசம் ஏழு மணி நேரம் பஸ்ல வருவியா?" என்றார் டாக்டர்.

"பொறக்கறதுக்கு முன்னாடி இவனுக்கு ஒரு சட்டைகூட எடுத்து வைக்கல டாக்டர். இன்னும் பொறக்காத மாசத்துக்கு இப்பவே வாங்கிட்டுப் போகச் சொல்றீங்களே."

"சரி, பஸ்லயே குடித்தனம் பண்ணு. எனக்கென்ன?"

பூங்காவனம் சிரித்தார். ஐந்தாவது தட்டை எடுத்துக் குழந்தையின் முகத்தருகே பிடித்தார். அது அவன் வாயைவிட அகலமாக இருந்தது.

"ஏம்மா, நீதான செஞ்ச? இம்மாம் பெரிசா ஆயிடுவானா?"

கணக்குப்படி என்று தொடங்கப்போன நான், "ஆயிடுவான்க்கா" என்றேன்.

"அப்ப இங்கயே இருக்கட்டும். வந்து வாங்கிக்கறோம்."

அவர்கள் போனதும் ஐந்தாவது தட்டை மறுபடி அளந்தேன். கணக்கில் பிழையில்லை. அப்படி இருந்தால், அவன் கணக்கை மீறி வளர்ந்து தட்டு அவனுக்குச் சின்னதாகிப் போகிற பிழையாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.