பார்லி வயலில் ஒரு குழி

“டேய் பார்னி, ஓடி வாடா! வெள்ளிடா!”

நெவில் பாஸ்க் போட்ட கூச்சலில், அறுவடை முடிந்த பார்லி வயலிலிருந்து காக்கைக் கூட்டமே எழுந்து பறந்தது. தேநீர்க் குடுவையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்த பார்னி, நண்பரின் உள்ளங்கையைப் பார்த்ததும் ஈர மண்ணில் மண்டியிட்டார். ஐந்து ரோமானிய நாணயங்கள்.

“முப்பது வருஷமா மெட்டல் டிடெக்டரைத் தூக்கிட்டு என் வயல்ல பட்டனும் லாடமும்தானேடா பொறுக்குனே, கிழட்டுப் பயலே!” பார்னி அவர் முதுகில் ஓங்கித் தட்டினார். “இனி குவாரிக்காரன் இங்க கால் வைக்க முடியாதுல்ல?”

இங்கிலாந்தில், சஃபோக் மாவட்டத்தின் அந்த நாற்பது ஏக்கரை மூன்று தலைமுறையாகக் குத்தகைக்கு உழுதது பார்னியின் குடும்பம். எஸ்டேட் முதலாளி அதை ஜல்லி தோண்டக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை இயந்திரங்கள் வருகின்றன. மண்ணுக்குள் பழங்காலத்துப் பொருள் இருந்தால்தான் வேலை நிற்கும்.

“குழியை டிடெக்டரால இன்னொரு தடவை தடவிப் பாருடா. எடுத்தப்புறம் மறுபடியும் பாக்கணும்னு நீதானே ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பே?”

“அதெல்லாம் வேண்டாம். முதல்ல போனைப் போடு.” நெவில் குழியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மதியமே தொல்பொருள் அதிகாரி ரோஸலிண்ட் வந்துவிட்டார். வட்டாரத்தில் யார் எதைத் தோண்டி எடுத்தாலும் அவரிடம்தான் காட்டிப் பதிய வேண்டும். மூன்றாவது நாணயத்தில் அவருடைய பூதக்கண்ணாடி நின்றது. லேப்டாப்பைத் திறந்தார்.

“சக்கரவர்த்தி காதுல இந்த வெட்டு... மிஸ்டர் பாஸ்க், ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி வேற பண்ணையில கிடைச்சதுன்னு நீங்களே இதை எங்கிட்ட கொண்டுவந்தீங்க. போட்டோ எடுத்துத் திருப்பிக் கொடுத்ததே நான்தான்.”

நெவிலின் காதுமடல்கள் சிவந்தன.

“நேத்து நான்தான் புதைச்சேன்” என்றார். “இவன் நிலம் போயிடக் கூடாதேன்னு...”

“இனிமே நீங்க எதைக் கொண்டுவந்தாலும் எங்க ஆபீஸ்ல யாரும் நம்ப மாட்டாங்க.”

ரோஸலிண்டின் கார் கதவு அறைந்து மூடியது. வேலியோரம் திரும்பி வண்டி மறைந்தது.

தோண்டிய குழியை மூடாமல் போகும் பழக்கம் நெவிலுக்குக் கிடையாது. மண்வெட்டியை எடுத்தார். மூடுவதற்கு முன், முப்பது வருஷத்துப் பழக்கம், கை தன்னால் கருவியைக் குழிக்குள் இறக்கியது.

அது அலறியது.

நான்கே வெட்டு. நேற்று அவர் நாணயங்களை வைத்த இடத்துக்கு ஒரு சாண் கீழே, கறுத்த மண்பானையின் கழுத்து. உள்ளே பச்சை பூத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்த வெள்ளி, வாய்வரை.

“பார்னி! சத்தியமாடா... பானை நிறைய இருக்குடா! அந்தம்மாவைக் கூப்பிடு, சீக்கிரம்!”

பார்னி கீழே கிடந்த தேநீர்க் குடுவையை எடுத்து மண்ணைத் துடைத்தார். குழியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“இதை எப்பப் புதைச்சீங்க, மிஸ்டர் பாஸ்க்?”