மிதிபடாத ராஜா

அந்தக் கிறிஸ்தவக் கற்கோயிலில் ஒரு புனிதருக்கும் ஒரு ராஜாவுக்கும் கல்லறை உண்டு, கண்ணுகளா. புனிதர் பீடத்தின் அடியில் இருக்கிறார். ராஜா வாசலுக்கு உள்ளே, தரையோடு தரையாகப் படுத்திருக்கிறார். போர்களில் செய்த பாவம் தீர, வருகிறவர்கள் எல்லாரும் தன்னை மிதித்துப் போகவேண்டும் என்று அவரே கேட்டுக் கல்லில் எழுதிவைத்தார். அறுநூறு வருஷமாக ஒருவரும் மிதிக்கவில்லை. செத்தவர்மேல் கால் வைப்பதா என்று தாண்டியே போனார்கள். எழுத்து நேற்று வெட்டியதுபோல் இருந்தது.

ஒரு காலையில் பிரகாசி, மூன்று வயதாகியும் நடக்காத மகளை இடுப்பில் சுமந்து, புனிதரிடம் வேண்டிக்கொள்ள வந்தாள். கல்லைத் தாண்டக் காலைத் தூக்கியவளை, கோயிலைக் கூட்டித் திறந்து பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை இஞ்ஞாசி தடுத்தார்.

“பிள்ளைய இதுல எறக்கி விடு தாயி.”

“ஐயையோ, ராஜா மேலயா? பாவம் வந்து சேராதா?”

“பச்சப்பிள்ள கால் பட்டா பாவம் ஏது? ஒம் மவ பாதத்துக்குத்தான் மனுசன் இத்தன நாளா மல்லாந்து காத்துக் கெடக்காரு.”

பிரகாசி சிரித்துவிட்டாள். மகளை இறக்கி, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கல்லின் குளிர்ச்சியில் குழந்தையின் கால்விரல்கள் மடங்கி, எழுத்துகளின் பள்ளத்தைப் பற்றிக்கொண்டன. பிரகாசி ஒரு கையை விட்டாள். பிறகு மற்றதையும்.