தாவூது போட்ட டீ

"இந்தாம்மே, குடி. இனிமேட்டு அடுப்பாண்ட நீ வராத."

டம்ளரை நீட்டினான் தாவூது.

அடுப்படிப் பக்கமே வராத கணவன், சில நாட்களாகத் தானே சமைக்கிறான். பக்கத்து வீட்டுப் பூமாரி கொடுத்த பேய் நாவலிலும் கணவன் இப்படித்தான் ஆசையாகச் சமைத்துப் போட்டு மனைவிக்கு விஷம் வைத்தான். இவருக்கு என்ன குறை வைத்தேன் என்று மனத்துக்குள் தேடித் தேடி மாய்ந்தாள் சாபிரா.

தாவூது ஜும்மாவுக்குக் கிளம்பியதும் டீயைக் கொல்லையில் கொட்டிவிட்டு, சுவருக்கு அப்பாலிருந்த பூமாரியிடம் அழுதாள்.

"நல்ல புக்குன்னு குடுத்தியே அக்கா, உசுரே போவுது!"

"நீ கோஷா, சினிமா கொட்டாய்க்கு வரமாட்டே. அதான் புக்கு குடுத்தேன். உன் வூட்டுக்காரரு எங்காளோட போய் அந்தக் கதையைப் படமாவே பாத்துட்டாரு."

"படத்துலயும் புருசன்தான வெசம் வெக்கிறான்?"

"இல்லடி, மாத்திட்டாங்க. பொண்டாட்டி வெக்கிறா."

சாபிரா உள்ளே போனாள். தாவூது திரும்புவதற்குள் காசிமேட்டு மீனில் குழம்பு வைத்தாள். அவன் வந்ததும் ஒரே தட்டில் சோறு போட்டு, எதிரில் உட்கார்ந்து, முதல் கவளத்தைத் தானே தின்றாள்.

அதற்குப் பிறகுதான் தாவூதின் கை தட்டுக்கு வந்தது.