ஒற்றைக் கையுறை

அது எந்த ஊர் முந்திரி ஆலை என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. அங்கே பார்த்த கைகள்தான் நினைவில் நிற்கின்றன. முந்திரி உடைப்பவர்களின் விரல்களை ஓட்டின் எண்ணெய் பொசுக்கிவிடும். கையுறை போட்டால் தோல் பிழைக்கும் என்று நிரூபித்தால் எல்லோருக்கும் வாங்கித் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். ஆய்வுக்கு வந்த நிறைமதி பாதிப் பெண்களுக்குக் கையுறை கொடுத்தாள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மற்றவர்களை வெறுங்கையோடு விட்டாள். அவர்கள் முகத்தைப் பார்க்காமலே கிளம்பிப் போனாள்.

ஒரு மாதம் கழித்து வந்தபோது, ஒவ்வொருத்தியும் ஒரு கையில் மட்டும் உறை மாட்டியிருந்தாள்.

“என்னக்கா இது? மொத்த ஆய்வும் வீணாப்போச்சே!”

“பக்கத்துல இவ கை வெந்துகிட்டிருக்க, நான் மட்டும் ரெண்டுலயும் மாட்டிகிட்டு ராணியாட்டம் ஒக்காரவா?” என்றாள் கையுறை கிடைத்திருந்த பச்சையம்மா. “நல்லாருக்கும்மா ஒன் நியாயம்!”

நிறைமதி பச்சையம்மாவின் உறையைக் கழற்றி, இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஒன்று கறுத்து வெடித்திருந்தது. மற்றதில் புதுத் தோல் வந்திருந்தது. அடுத்தவளும் கைகளை நீட்டினாள். அதற்கடுத்தவளும்.

“முதலாளியக் கூப்பிடுங்கக்கா” என்றாள் நிறைமதி.

முதலாளி முணுமுணுத்துக்கொண்டே எல்லோருக்கும் கையுறை வாங்கினார். பச்சையம்மா அந்தத் தீபாவளிக்கு மருதாணி வைத்துக்கொண்டாள். நிறைமதி அதன்பின் எந்த ஆய்விலும் யாரையும் வெறுங்கையோடு விடவில்லை.