பார்த்துட்டுச் சொல்றேன்

வாங்குகிற உத்தேசம் துளிகூட இல்லாமல், அவள் பியானோவின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பலகையில விரிசல் ஏதாவது இருக்கான்னு பாக்கறேன் சார்."

"தாராளமா பாருங்கம்மா. அவசரமே இல்ல" என்றார் வீட்டுக்காரர். ரிட்டையரான மனிதர். அந்தப் பெரிய வீட்டில் தனியாள்.

அவள் இங்கே வருவது இது மூன்றாவது ஞாயிறு. முதல் வாரம் டேப் வைத்து அகலம் அளந்தாள். போன வாரம் கட்டைகளை ஒவ்வொன்றாய் அழுத்தி, எது சிக்குகிறது, எது சுருதி விலகுகிறது என்று பார்த்தாள். எப்படியும் கடைசியில், "வாசிச்சுப் பாத்தாத்தான் தெரியும்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். ஆசை தீர வாசித்துவிட்டு, "பார்த்துட்டுச் சொல்றேன் சார்" என்று கிளம்பிவிடுவாள்.

ஊரார் பொருளில் ஓசியில் சுகம் காண்பதற்கு என்ன பெயரோ, அது அவளுக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் அவள். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க." ஒரு நாளில் மனிதர்களோடு அவள் பேசுகிற பேச்சு அவ்வளவுதான். வாடகை அறைக்குத் திரும்பினால் அதுவும் கிடையாது. சிறுமியாய் இருந்தபோது விட்ட பியானோவை நாற்பது தாண்டி மறுபடி தொடலாமே என்று ஒரு நாள் தோன்றியது. நிஜமாகவே வாங்கத்தான் கிளம்பினாள். அப்புறம்தான் தன் மாடிப்படியை அளந்தாள். மூன்றாவது மாடி. படி வளைகிற இடத்தில் பீரோவே திரும்பாது, பியானோவா திரும்பும்?

ஆனால் அதற்குள் கடையில் வாசித்துப் பார்த்த விரல்கள் ருசி கண்டுவிட்டன. கடை கடையாய் ஏறினாள். "இதுல கட்டை கனமா இருக்கு", "அதுல சத்தம் காதைக் குத்துது" என்று நொட்டை சொல்லிச் சொல்லியே வாசித்தாள். கடைசியில் ஒரு விற்பனையாளன், அவள் தலையைக் கண்டதுமே மூடியைச் சாத்திப் பூட்டினான். அன்றைக்கு அழுகை வந்துவிட்டது. அதன் பிறகுதான் விளம்பரம் பார்த்து இந்த மாதிரி வீடுகளுக்கு வர ஆரம்பித்தாள்.

இந்த வீட்டுக்காரர் ஒருவர்தான் முகம் சுளிக்காதவர். சோபா ஓரத்தில் உட்கார்ந்து, விலையைப் பற்றி மூச்சே விடாமல், கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். 'பாவம், வித்துடும்னு நம்பிக்கிட்டிருக்கார்' என்று அவளுக்கு உறுத்தும். உறுத்தி என்ன செய்ய, அடுத்த ஞாயிறு கால் தானாக இங்கே வந்துவிடுகிறது.

இன்று வாசிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்தது. வாட்டசாட்டமாய் ஒருவர். பின்னால் சுமை தூக்குகிற இரண்டு ஆட்கள்.

"விளம்பரம் பாத்தேன். புதுசா ஹோட்டல் கட்டியிருக்கேன். நீங்க சொல்ற விலை, பேரமே கிடையாது. வண்டி வாசல்ல நிக்குது."

"நீங்க வாசிப்பீங்களா?" என்றார் வீட்டுக்காரர்.

"நானா? ரிசப்ஷன்ல அழகுக்கு ஒண்ணு நிக்கட்டுமேன்னு. மேல பூச்சாடி வைக்கலாம்ல?"

அவளுடைய கை கட்டைமேலேயே நின்றுவிட்டது. போச்சு. இனிமேல் ஞாயிற்றுக்கிழமையும் அந்த அறைதான். எழுந்து, "எடுத்துக்கோங்க" என்று ஒதுங்குவதுதான் நியாயம். எழ முடியவில்லை.

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "மன்னிக்கணும் சார். இந்தம்மாவுக்குத் தர்றதா முடிவாயிடுச்சு."

"அட்வான்ஸ் வாங்கிட்டீங்களா?"

"இல்ல. வாக்குக் குடுத்திருக்காங்க."

"அவ்ளோதானே? நான் மேல போட்டுத் தரேன்."

"வாக்குன்னா வாக்குதான் சார்."

ஹோட்டல்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஆட்களோடு வெளியேறினார்.

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. 'பார்த்துட்டுச் சொல்றேன்' என்பதை ஒரு வாக்காக எடுத்துக்கொண்டு, வீடு தேடி வந்த லட்சுமியை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாரே மனிதர்!

"சார், அவரைக் கூப்பிடுங்க. இன்னும் தெருவைத் தாண்டியிருக்க மாட்டார்."

"ஏம்மா?"

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கொட்டிவிட்டாள். "நான் வாங்க வரல சார். என் ரூமுக்கு இது ஏறவே ஏறாது. எனக்கு வாசிக்க வேற இடம் இல்ல. அதுக்குத்தான் அளக்கற மாதிரி, பாக்கற மாதிரி... உங்களை ஏமாத்திட்டேன். இனிமே வரமாட்டேன். அவரைக் கூப்பிடுங்க, ஓடுங்க!"

அவர் வாசலுக்குப் போனார். தெருவை எட்டிப் பார்த்தார். திரும்பி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"இது எங்கக்காவோடது. நாங்க ரெண்டு பேருந்தான். அவ வாசிப்பா, நான் கேப்பேன். எனக்கு ஒரு கட்டை தட்டத் தெரியாது. அவ போனதுக்கப்புறம் வீடே ஊமையாயிடுச்சு. 'விற்பனைக்கு'ன்னு போட்டாத்தான் யாராவது வந்து வாசிச்சுப் பாக்கறாங்க. ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிடுவேன்."

 

அவர் சோபா ஓரத்தில் பழையபடி உட்கார்ந்து, இத்தனை நாளும் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார்.

"நீங்க டேப்பும் கையுமா வந்த நாள்லேருந்து, எங்க நிஜமாவே வாங்கித் தொலைச்சிடுவீங்களோன்னு எனக்குத் தூக்கமே இல்லம்மா!"